தொலைக்காட்சியில் வரும் நீதிமன்றம் எவ்வளவு தூரம் உண்மை?

எமது ஊர்களில் ஒரு தடவையாவது நீதிமன்றத்துக்குள் போய் இருந்து பார்த்தவர்கள் குறைவு. தொலைக்காட்சியில் நீதிமன்றத்தைப் பார்க்காதவர்கள் அதை விடக் குறைவு. இந்தியத் தொடர்களில் வாரத்துக்கு ஒரு விவாகரத்து வழக்காவது வரும். பழைய சினிமாவில் கடைசிக் காட்சிக்கு முந்திய காட்சி பெரும்பாலும் கோட்டில்தான் நடக்கும். ஆகவே கேஸ் ஒன்று வந்து கோட்டுப் படி ஏறும் மனிதர் அங்கே என்ன நடக்கும் என்று ஏற்கனவே ஒரு முடிவோடுதான் வருகிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ஆக்கள் எங்களை ‘முதலியார்’ என்று கூப்பிடுவார்கள். வழக்கைப் பெயர் சொல்லி அழைப்பது, சாட்சியிடம் உறுதியுரை வாங்குவது, ஒரு மொழியில் சொன்னதை மற்ற மொழியில் சொல்வது எல்லாம் எங்கள் வேலை. அந்த இடத்தில் இருந்து பார்த்ததில், தொலைக்காட்சி நீதிமன்றத்துக்கும் உண்மையான நீதிமன்றத்துக்கும் உள்ள தூரத்தை விளக்குவது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சுத்தான் வழக்கை வெல்லும் என்று தொலைக்காட்சி கற்பிக்கிறது. உண்மையான நீதிமன்றம் ஏட்டில் பதியப்பட்டதையும், சட்ட விதிப்படி ஏற்கப்பட்ட சான்றையும் வைத்துத்தான் தீர்க்கிறது. மற்ற வித்தியாசங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வருகிறவர்கள் நஷ்டப்பட்டுத்தான் திரும்புகிறார்கள். அதிலும் சட்டத்தரணி இல்லாமல் தனியே வந்து நிற்பவர்கள்.

சுத்தியலும் சத்தியமும்

முதலில் வெளித்தோற்றம். சினிமா நீதிபதி மரச் சுத்தியலால் மேசையில் தட்டி ‘ஆர்டர், ஆர்டர்’ என்பார். அமெரிக்க நீதிமன்றங்களில் அந்தச் சுத்தியல் உண்டு. ஆனால் எமது நீதிமன்ற முறை வந்த இங்கிலாந்தில் நீதிபதிகள் அதைப் பயன்படுத்துவதில்லை. எமது நாட்டில் ஒரு நீதிபதியின் மேசையிலும் நான் அதைக் கண்டதில்லை. ஏலம் போடும் இடத்தில் கண்டிருக்கிறேன்.

இந்தியப் படங்களில் சாட்சி பகவத் கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். அதைப் பார்த்துப் பழகிய எங்கட ஆக்கள் சிலர் சாட்சிக் கூண்டில் ஏறியதும், “முதலியார், குர்ஆன் எங்க?” என்று கேட்பார்கள். இங்கே சத்தியங்கள், உறுதியுரைகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி முஸ்லிம்களும் பௌத்தர்களும் இந்துக்களும் உறுதியுரை செய்தால் போதும். கிறிஸ்தவர்கள் பைபிளில் சத்தியம் செய்வது வழக்கம். உறுதியுரை செய்துவிட்டுப் பொய் சொன்னாலும், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னாலும் குற்றம் ஒன்றுதான்.

இன்னொரு குழப்பம் தமிழ்ச் சொல்லால் வருகிறது. தமிழ்நாட்டில் ‘உயர் நீதிமன்றம்’ என்றால் மாநிலத்தின் ஹைகோர்ட். அதற்கு மேலே ‘உச்ச நீதிமன்றம்’ இருக்கிறது. இலங்கையில் ‘உயர் நீதிமன்றம்’ என்பதே நாட்டின் அதியுயர் நீதிமன்றம். ஹைகோர்ட்டை நாங்கள் ‘மேல் நீதிமன்றம்’ என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. இந்தியச் செய்தி பார்த்துவிட்டு “உயர் நீதிமன்றத்தில கேஸ் போடுவம்” என்று சொல்கிறவர், தான் எந்தக் கதவைத் தட்டச் சொல்கிறார் என்று அறியாமலேயே சொல்கிறார்.

கூண்டில் நின்று ஆற்றும் உரை

தமிழ் சினிமாவின் நீதிமன்றக் காட்சிகளுக்கெல்லாம் தாய் 1952 இல் வந்த ‘பராசக்தி’. மு. கருணாநிதியின் வசனத்தை சிவாஜி கணேசன் கூண்டில் நின்று பேசிய காட்சி, எங்கள் வாப்பாமாரின் தலைமுறைக்கு மனப்பாடம். குற்றஞ்சாட்டப்பட்டவர் யாரும் குறுக்கிடாமல் நீண்ட உரை ஆற்றுவார். இது முழுக்கக் கற்பனையா?

ஆச்சரியம் என்னவென்றால், இலங்கைச் சட்டத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. குற்றவியல் வழக்கில் எதிரி சாட்சிக் கூண்டில் ஏறாமல், தான் நிற்கும் எதிரிக் கூண்டில் இருந்தே வாக்குமூலம் கொடுக்கலாம். லோயர்மார் இதை ‘டொக் ஸ்டேட்மன்ட்’ என்பார்கள். சத்தியமோ உறுதியுரையோ இல்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. 1968 இல் தீர்க்கப்பட்ட குலரத்ன வழக்கில், இந்த வாக்குமூலத்தை எப்படி எடைபோடுவது என்று விளக்கப்பட்டது. அதை ஒரு சான்றாகக் கவனிக்க வேண்டும். ஆனால் உறுதியுரையும் குறுக்கு விசாரணையும் இல்லாத குறை அதில் இருப்பதையும் கருத்தில் எடுக்க வேண்டும். அது ஒரு நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினாலே எதிரிக்கு அதன் பயன் கிடைக்கும். இங்கிலாந்தில் 1982 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழக்கத்தை நீக்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, சினிமாவில் எந்த உரை வழக்கை வெல்லுகிறதோ, அதே உரைக்குச் சட்டம் குறைந்த எடைதான் கொடுக்கிறது என்பது. காரணம் எளிது. எதிர்த்தரப்பு கேள்வி கேட்டுச் சோதிக்காத பேச்சு அது. எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதை யாரும் ஏட்டில் பதிவதில்லை.

திடீர்ச் சாட்சியும் குறுக்குக் கேள்வியும்

உலகத் தொலைக்காட்சியின் வழக்கறிஞர் கதைகளுக்கு முன்மாதிரி 1957 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘பெரி மேசன்’ தொடர். மூல நாவல்களை எழுதிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமே ஒரு வழக்கறிஞர். ஆகவே சட்டச் சொற்கள் சரியாக இருந்தன. பல கதைகளில் மோதல் நடப்பது ஜூரி இல்லாத பூர்வாங்க விசாரணையில் என்பதுகூட அந்நாட்டு நடைமுறைக்கு ஒத்தது. ஒத்துவராதது முடிவுதான். வாராவாரம் குறுக்கு விசாரணையில் உண்மைக் குற்றவாளி உடைந்து, எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வார். என் சேவைக் காலத்தில் அப்படி ஒருவர் உடைந்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. சாட்சி முன்பு பொலிஸாருக்குச் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள சிறு முரண்பாட்டை எதிர்த்தரப்பு லோயர் ஒவ்வொன்றாக ஏட்டில் பதிய வைப்பார். அவ்வளவுதான். அந்த முரண்பாட்டின் பெறுமதி பல மாதம் கழித்துத் தீர்ப்பில்தான் தெரிய வரும்.

கதவைத் திறந்துகொண்டு ஓடி வரும் திடீர்ச் சாட்சியும் அப்படித்தான். மேல் நீதிமன்றக் குற்றப்பத்திரிகையோடு சாட்சிகளின் பட்டியலும் ஆவணங்களின் பட்டியலும் இணைக்கப்படும். மாவட்ட நீதிமன்றச் சிவில் வழக்கில் இரு தரப்பும் தத்தம் பட்டியலை முன்னதாகவே தாக்கல் செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாதவரைச் சாட்சியாக அழைக்க நீதிமன்றத்தின் விசேட அனுமதி வேண்டும். எதிர்த்தரப்பு தயாராகாத நேரம் பார்த்து அடிப்பது நியாயம் அல்ல என்பதற்காகத்தான் இந்த விதி. திரைக்கதைக்கு அந்த அதிர்ச்சி வேண்டும், சட்டம் அதைத் தடுக்கப் பார்க்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விதி சாதாரண மக்களை அதிகம் குழப்புகிறது. ஒரு சாட்சியை அழைத்த தரப்பின் லோயர், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்க முடியாது. “அன்று இரவு அவர் உங்களைக் கத்தியால் வெட்டினார், இல்லையா?” என்று கேட்கக் கூடாது. “அன்று இரவு என்ன நடந்தது?” என்றுதான் கேட்கலாம். குறுக்கு விசாரணை செய்யும் எதிர்த்தரப்பு லோயருக்கு மட்டும் வழிநடத்தும் கேள்வி கேட்க உரிமை உண்டு. இது 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் இருப்பது.

ஒரு உம்மா விசாரணை முடிந்து வெளியே வந்து என்னிடம் கேட்டார்: “தம்பி, எங்கட லோயர் வாயத் தொறக்கவே இல்லியே. மத்தவர் எப்படிக் கத்தினார் பாத்தீங்களா? இவர் காசு வாங்கிட்டாரோ?” அவருடைய லோயர் விதிப்படி சரியாகத்தான் நடந்திருந்தார். சாட்சியின் வாயிலிருந்தே விஷயம் வர வேண்டும் என்பதற்காகக் குட்டிக் குட்டிக் கேள்வியாகக் கேட்டார். உம்மாவின் அளவுகோல் தொலைக்காட்சி கொடுத்தது. அந்த அளவுகோலால் நல்ல லோயரை மாற்றிவிட்டு, சத்தம் போடுகிற லோயரைப் பிடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தொலைக்காட்சி ‘நீதிபதி’கள்

நாடகம் நாடகம் என்று தெரியும். அதை விட ஏமாற்றக்கூடியது, உண்மை மனிதர்களை வைத்து நடத்தும் ‘நீதிமன்ற’ நிகழ்ச்சி. அமெரிக்காவில் 1981 இல் ‘பீப்பிள்ஸ் கோர்ட்’ ஆரம்பித்தது. அதில் இருந்தவர் ஓய்வு பெற்ற கலிபோர்னியா நீதிபதி ஜோசப் வாப்னர். 1996 முதல் 2021 வரை ஓடிய ‘ஜட்ஜ் ஜூடி’ இன்னும் புகழ் பெற்றது. ஜூடித் ஷைன்ட்லின் முன்பு நியூயோர்க் குடும்ப நீதிமன்ற நீதிபதி. வந்தவர்கள் உண்மை வழக்காளிகள். பிரச்சினையும் உண்மை. ஆனால் அது நீதிமன்றம் அல்ல, லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோ ஒன்றில் கட்டிய காட்சி அமைப்பு. இரு தரப்பும் சிறு கோரிக்கை நீதிமன்ற வழக்கைக் கைவிட்டு, இவர் சொல்வதை ஏற்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வருகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒரு நடுத்தீர்ப்பு. உச்சத் தொகை 5,000 டொலர். முக்கியமான விஷயம், தோற்றவர் தன் பையிலிருந்து ஒரு சதமும் கொடுப்பதில்லை. தீர்ப்புப் பணத்தை நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களே கொடுத்தார்கள்.

தோற்றவருக்கும் நஷ்டம் இல்லை என்றால் அங்கே பணயம் என்ன? மானம் மட்டும்தான். அதனால்தான் அங்கே நீதிபதி வழக்காளியை “பொய் சொல்லாதே” என்று அதட்டவும், பாதிப் பேச்சில் வாயை மூட வைக்கவும் முடிந்தது. உண்மையான நீதிபதி ஒருவர் சாட்சியம் முடியுமுன் இப்படி ஒரு தரப்பை ஏசினால், பக்கச்சார்பு என்று மேன்முறையீட்டில் அதையே தூக்கிக் காட்டுவார்கள்.

தமிழில் இதன் சாயலில் வந்தவை குடும்பப் பிரச்சினை நிகழ்ச்சிகள். ஜீ தமிழில் ஓடிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ எங்கள் வீடுகளிலும் பார்க்கப்பட்டது. பெயரே சாட்சிக் கூண்டுச் சத்தியத்திலிருந்து எடுத்தது. நடத்துபவர் நீதிபதி அல்ல. அங்கே சொல்லப்படும் எதுவும் யாரையும் சட்டப்படி கட்டாது. ஆனால் ஒரு பெண் தன் கணவனைப் பற்றியும், ஒரு கணவன் தன் மனைவியின் நடத்தையைப் பற்றியும் உலகம் பார்க்கச் சொல்கிறார்கள். உண்மையான நீதிமன்றத்தில் அநாகரிகமான கேள்வியையும், அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்வியையும் தடுக்க நீதிபதிக்குச் சான்றுச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. குடும்ப விவகாரத்தில் பொதுமக்களை வெளியே அனுப்பவும் அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது. அந்தப் பாதுகாப்புகளை எடுத்துவிட்டால்தான் நிகழ்ச்சி ஓடும்.

உண்மை வழக்கையே காட்டினால்?

அப்படியானால் உண்மை வழக்கையே கெமராவில் காட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1995 இல் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கை அமெரிக்கா முழுவதும் நேரலையாகப் பார்த்தது. ஜனவரியில் ஆரம்பித்த வாதம், ஒக்டோபர் 3 ஆம் திகதி ‘குற்றவாளி அல்ல’ என்ற தீர்ப்போடு முடிந்தது. 1997 இல் அதே மரணங்களுக்காகப் போட்ட சிவில் வழக்கில் அதே மனிதர் பொறுப்பாளி என்று தீர்க்கப்பட்டு, மொத்தம் 33.5 மில்லியன் டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது. பார்த்தவர்களில் பலருக்கு இது முரண்பாடாகப் பட்டது. உண்மையில் இரண்டு வழக்கிலும் அளவுகோல் வேறு. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் கூடுதல் நிகழ்தகவு என்று பார்த்தால் போதும். எமது சட்டத்திலும் அப்படித்தான். ஒன்பது மாதம் நேரலையாகப் பார்த்தும் இந்த அடிப்படை விளங்கவில்லை என்றால், கெமரா வைத்தால் மட்டும் போதாது என்றுதானே அர்த்தம்.

இந்தியாவில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாக வருகின்றன. அதைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: அழுகை இல்லை, கைதட்டல் இல்லை. ஒருவர் பக்க இலக்கம் சொல்வார், எல்லோரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். நான் பார்த்த திரைகளில் நீதிமன்றத்துக்கு மிகக் கிட்ட வந்தது அதுதான்.

காலம் என்ற சாட்சி

தொலைக்காட்சி அடியோடு மறைப்பது நேரத்தை. ‘ஜெய் பீம்’ (2021) படத்தை நான் மதிக்கிறேன். அது 1993 இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு ஆட்கொணர்வு மனுவை அடிப்படையாகக் கொண்டது. பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு அதில் வழக்கறிஞர். ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை அழைத்து விசாரிப்பது வழமை அல்ல என்பதையும், அதற்காகக் கேரளத்து ராஜன் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டி அனுமதி பெற்றதையும் படம் காட்டுகிறது. ஆவணத்தைத் தேடிப் போவதும் அதில் இருக்கிறது. ஆனால் உண்மை வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது 2006 இல். பதின்மூன்று வருடம். படம் அதை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறது. படம் என்றால் அப்படித்தான் முடியும். பார்ப்பவர்தான் அந்தப் பதின்மூன்று வருடத்தை மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012 இல் ஒரு தீர்ப்பில் சொன்ன கணக்குப்படி, மத்திய அரசின் குற்றத்தீர்ப்புகளில் 97 சதவீதமும் மாநிலங்களில் 94 சதவீதமும் எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வந்தவை. தொலைக்காட்சியில் நூறுக்கு நூறும் விசாரணை. இங்கேயும் நீதவான் நீதிமன்றத்தின் காலைப் பொழுதில் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கப்பட்டு, சில நிமிடத்தில் அடுத்த தவணை கொடுக்கப்படும். அழைப்புத் தவணை வேறு, விசாரணைத் தவணை வேறு. முதல் நாளே பேச்சைத் தயார் பண்ணி வந்தவர், “ஒரு வார்த்தை கேக்காமத் திருப்பி அனுப்பிட்டாங்களே” என்று மனமுடைகிறார். மனமுடைந்தவர் அடுத்த தவணைக்கு வராமல் விட்டால், நீதவான் நீதிமன்றத்தில் பிடியாணை பிறக்கலாம். சிவில் வழக்கில் அவர் இல்லாமலேயே தீர்ப்பாகலாம்.

மொழி

திரையில் நான் காணாத ஒருவர் எங்கள் மொழிபெயர்ப்பாளர். சினிமா நீதிமன்றத்தில் எல்லோருக்கும் ஒரே மொழி. தமிழ் பேசும் முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வடக்கு கிழக்குக்கு வெளியே, சிங்களத்தில் நடவடிக்கை நடக்கும் நீதிமன்றங்களின் எல்லைக்குள் வாழ்கிறார்கள். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்றத்தின் மொழி விளங்காத தரப்பினருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ மொழிபெயர்ப்பு வழங்குவது அரசின் கடமை. கேட்பது உரிமை. வெட்கப்பட்டு, அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொல்லித் தன் வழக்கையே கெடுத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு உதாரணம். “ராவு பத்து மணிக்கு மச்சான் எனக்கு அடிச்சார்” என்று சாட்சி சொல்கிறார். எங்கள் பேச்சில் அது தொலைபேசி அழைப்பு. அதைத் தானே சிங்களமாக்கிச் சொன்னால் அது தாக்குதல். ஏட்டில் எது பதியப்படுகிறதோ அதுதான் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகும். அங்கே சாட்சியின் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

பொலிஸில் சொன்னது

தொடர்களில் பொலிஸ் அதிகாரி அடித்து ஒப்புதல் வாங்குவார். அடுத்த காட்சியில் தண்டனை. எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஒரு நூற்றாண்டைத் தாண்டிய பாதுகாப்பு இது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்கு வைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை அது சான்றாக ஏற்றது. அந்த விலக்கின் கனம் என்னவென்று தமிழ் மக்களுக்கு முன்பே தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பின் எங்களுக்கும் தெரிந்தது.

அந்த மாதங்களில் செய்தி அலைவரிசைகளே நீதிமன்றமாகின. கைது செய்யப்பட்டவரின் படம் காட்டப்பட்ட அந்த மாலையே அவர் குற்றவாளி. அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை, குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி எனக் கருதப்பட வேண்டும் என்கிறது. பிணை கிடைத்த செய்தியும், விடுவிக்கப்பட்ட செய்தியும் கைதுச் செய்தியின் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட எழவில்லை. அப்போது நாங்கள் வேதனைப்பட்டோம். அதே நாங்கள் இன்று தொலைக்காட்சியில் வேறொருவரின் கைதைப் பார்த்துவிட்டு, “இவன்தான் செய்திருப்பான்” என்று சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொல்கிறோம்.

காதி நீதிமன்றம்

கடைசியாக எமக்கு மிகக் கிட்டிய இடம். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. ஆணும் பெண்ணும் தாங்களே பேச வேண்டும். அதாவது நாட்டின் நீதி அமைப்புகளில் தொலைக்காட்சி ‘ஜட்ஜ்’ நிகழ்ச்சிக்கு வெளித்தோற்றத்தில் மிகவும் ஒத்தது இதுதான். ஆகவே தொலைக்காட்சிப் பழக்கம் அதிகம் கெடுதல் செய்வதும் இங்கேதான். மனைவி கண்ணீரோடு முழுக் கதையையும் சொல்கிறார். கணவன் வாய்ச் சாதுரியத்தோடு மறுக்கிறார். கதை கேட்கப்படுகிறது, ஆனால் தாபரிப்புத் தொகையைத் தீர்மானிக்க வேண்டிய விபரம் ஏட்டில் ஏறுவதில்லை: கணவனின் வருமானம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து காசு தரவில்லை, பிள்ளைகளின் வயது என்ன.

வழக்குக் கொண்டு வருவோரில் ஒருவர் மற்றவரை விட வாதத்திறன் உள்ளவராக இருக்கலாம், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிக்கிறோம், அப்படி இன்னொருவரின் உரிமை ஒருவருக்குத் தவறிப் போய்ச் சேர்ந்தால் அவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. நாவன்மைக்கும் நியாயத்துக்கும் உள்ள இடைவெளியை எமது மரபு நன்றாகவே அறிந்திருந்தது.

பஸஹ் விசாரணையில் காதியோடு மூன்று முஸ்லிம் மதியுரைஞர்கள் அமர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காதியின் கட்டளையில் திருப்தி இல்லாவிட்டால் காதிகள் சபைக்கும், அங்கிருந்து அனுமதியோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். தாபரிப்புப் பணம் தராதவரிடம் அறவிடுவதற்கு விஷயத்தை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். ஜட்ஜ் ஜூடியில் தீர்ப்புச் சொன்னதும் காசு வந்துவிடும். இங்கே தீர்ப்புக்குப் பிறகும் நடக்க வேண்டிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் முழுவதும் கூட வருவது எழுத்தில் உள்ளவை மட்டுமே.

என்ன செய்யலாம்?

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கோட்டுக்கோ காதியிடமோ போகுமுன், நடந்ததைத் திகதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். விவாகப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், தொலைபேசிச் செய்தி எல்லாவற்றிலும் பிரதி எடுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த தவணை எப்போது, எதற்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அது சாட்சியத்தைக் கெடுக்காது. விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்குமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டளையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாகவே நடக்க வேண்டும், சில விசேட வழக்குகள் தவிர யாரும் உள்ளே போய் இருக்கலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் ஒரு நாள் அழைத்துப் போகலாம். தொலைபேசியை அணைத்துவிட்டு, பின்வாங்கில் அமைதியாக இருந்து பார்த்தால் போதும். முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். பிறகு, யார் எழுதுகிறார், எதை எழுதுகிறார், எந்தக் கேள்வியை நீதிபதி தடுக்கிறார் என்று கவனிக்க ஆரம்பிப்பார்கள்.